முதல் கைவினைச் சந்தைக்கு எந்த நகைகளை எடுத்துப்போவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். பாலிமர் களிமண் கம்மல், கம்பி சுற்றிய கல் பதக்கம், பாசிமணி பிரேஸ்லெட், ரெசின் மோதிரம், முடிச்சுப் போட்டுக் கோத்த முத்து மாலை என்று ஐந்து வகை உங்களுக்குக் கைவந்திருக்கிறது. இதுவரை தெரிந்தவர்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறீர்கள். இப்போது ஒரு கைவினைச் சந்தையில் மேசை கிடைத்திருக்கிறது, தயாராக இரண்டு மாதம் இருக்கிறது. எது அதிகம் விற்கும், ஐந்திலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப்போவதா, ஒன்றில் மட்டும் இறங்குவதா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எது விற்கும் என்பது ஒன்று. எதை விற்றால் உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சந்தை நாளன்றுதான் பதில் தெரியும். இரண்டாவதற்கு இன்றைக்கே, வீட்டில் உட்கார்ந்தபடி, பெரும்பகுதி பதிலைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் நான் இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன்.

உலோக நகை வேலையை முறையாகக் கற்றுக்கொண்டு, பிறகு பல வருடங்களாகச் சந்தைகளில் மேசை போட்டு வருகிறேன். கீழே உலோகம், கல், ரெசின், உழைப்புக் கணக்கு பற்றிச் சொல்வதை உறுதியானதாக எடுத்துக்கொள்ளலாம். வாங்க வருபவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று சொல்லும் இடங்களில், அது என் மேசைக்கு எதிரே பார்த்தது மட்டுமே. வேறொரு சந்தையில் வேறு மாதிரி நடக்கலாம். உங்கள் வேலைப்பாட்டை நான் பார்த்ததில்லை, அதனால் எது அழகு என்ற பேச்சுக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்த வழி கழித்துப் பார்ப்பது. மேசைக்குப் போகக்கூடாதவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால், மிஞ்சுவதுதான் உங்கள் சரக்கு.

முதலில் கழிக்க வேண்டியது, விற்ற பிறகு புகாரோடு திரும்பி வரக்கூடிய பொருள். கம்மலில் இந்தத் தொல்லை காதுக்குள் போகும் கம்பியில்தான் ஆரம்பிக்கிறது. காரணம் நிக்கல். நகையால் வரும் தோல் ஒவ்வாமையில் மிகப் பரவலானது இதுதான். பெண்களில் பத்தில் ஒருவருக்காவது இருக்கிறது என்பது பொதுவான மதிப்பீடு. நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது. காது குத்திய புதிதில் மலிவான கம்மல் போட்டு அதை வரவழைத்துக்கொண்டவர்கள் ஏராளம். உங்கள் மேசைக்கு வருபவர்களில் பலர் முதலில் கேட்கப்போவதே "இந்தக் கொக்கி என்ன உலோகம்?" என்பதுதான். அதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாவிட்டால் அவர் கம்மலைத் திரும்ப வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்ட வரம்பே உண்டு. துளைக்குள் போகும் பாகத்திலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவாகத்தான் நிக்கல் கசியலாம். தோலில் நீண்ட நேரம் படும் மற்ற நகைகளுக்கு அந்த வரம்பு 0.5 மைக்ரோகிராம். இதில் கவனிக்க வேண்டியது, அளவிடுவது உலோகத்தில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதை இல்லை, எவ்வளவு வெளியே வருகிறது என்பதை. 316எல் ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 10 முதல் 14 சதவீதம் வரை நிக்கல் இருக்கிறது. ஆனாலும் மேலே படியும் குரோமியம் ஆக்சைடு படலம் அதைப் பூட்டி வைப்பதால் பெரும்பாலானவர்களின் காது அதைத் தாங்கிக்கொள்கிறது. மிகவும் கூருணர்ச்சி உள்ளவர்களுக்கு அதுவும் சேராமல் போகலாம். அவர்களுக்கு டைட்டானியம் அல்லது நியோபியம் கொக்கிதான் நல்லது. அதனால் "அலர்ஜியே வராது" என்று அட்டையில் எழுதாதீர்கள். அப்படி உறுதி கொடுக்க யாராலும் முடியாது. "டைட்டானியம் கொக்கி" என்று எழுதுங்கள். தெரிந்தவர்களுக்கு அது போதும், தெரியாதவர்கள் கேட்பார்கள்.

இன்னொரு பொறி ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி ஒரு துளியும் கிடையாது. மொத்தக் கடையில் "சில்வர் கொக்கி" என்று வாங்கி வந்ததை வெள்ளி என்றே நம்பி விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டெர்லிங் வெள்ளி என்று சொன்னால் அது 92.5 சதவீத வெள்ளியாக இருக்க வேண்டும். மீதி 7.5 பெரும்பாலும் செம்பு. வெள்ளி நிறத்தில் முலாம் பூசியது என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள். வெள்ளி கறுக்கும், அது குறையில்லை. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து மேலே சல்பைடு படலம் உருவாகிறது. ஆனால் சந்தை நாளன்று கறுத்த நகையை யாரும் தொட மாட்டார்கள். வெள்ளியை ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீர்கள், கம்பளித் துணி மேல் பரப்பாதீர்கள். இரண்டிலும் கந்தகம் இருக்கிறது. காற்றுப் புகாத சின்ன பிளாஸ்டிக் பையில் தனித்தனியாக வைத்தால் மாதக்கணக்கில் பளிச்சென்று இருக்கும்.

தங்க நிறம் வேண்டுமென்றால் முலாமின் கனத்தைக் கேட்டு வாங்குங்கள். மலிவான முலாம் பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே இருக்கும். காதில் தொங்கும்போது சில காலம் தாங்கும். கையில் போடும் பிரேஸ்லெட்டில் உரசி உரசிச் சீக்கிரமே அடியில் உள்ள பித்தளை தெரிய ஆரம்பித்துவிடும். கோல்டு ஃபில்டு என்று விற்கும் கம்பியில் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு தங்க அடுக்காக அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். விலை கூடுதல்தான், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். என் பழக்கம் இது: உரசல் படும் நகைக்கு மெல்லிய முலாம் பயன்படுத்துவதே இல்லை. வெறும் பித்தளை, வெறும் செம்பு என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. தோலில் பச்சைக் கறை படியலாம், கழுவினால் போய்விடும் என்று வாங்கும்போதே சொல்லிவிட்டால் பின்னால் சண்டை வராது.

உங்கள் பாலிமர் களிமண்ணுக்கு வருகிறேன். அது மண்ணே இல்லை, பிவிசி பிளாஸ்டிக். அடுப்பில், அதாவது ஓவனில், வேகவைத்தால்தான் துகள்கள் ஒன்றோடொன்று இணையும். பெரும்பாலான பிராண்டுகளுக்கு 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும், பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் முழுக்க வேண்டும். பாதி வெந்தது பார்வைக்கு நன்றாகவே இருக்கும், கீழே விழுந்தால் மட்டும் பட்டென்று ஒடியும். அளவுக்கு மீறிச் சூடானால் கருகி நச்சுப் புகை வரும். அடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள். சோதனை எளிது. ஒவ்வொரு முறை வேகவைக்கும்போதும் அதே களிமண்ணில் மெல்லிய பட்டை ஒன்றைக் கூடவே வையுங்கள். ஆறிய பிறகு அது வளைந்தால் அந்த ஈடு சரி. வளைக்கும்போதே முறிந்தால் அந்த ஈட்டிலிருந்து ஒரு கம்மலையும் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ரெசின் கொஞ்சம் சிக்கல். திரவமாக ஊற்றி இறுகவிடும் எபாக்ஸி ரெசின் ஒரு நாளில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். முழுதாக இறுக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். இறுகாத ரெசின் தோலில் படுவது நல்லதில்லை. வாங்குபவரை விட, செய்யும் உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். எபாக்ஸி ஒவ்வாமையும் ஒருமுறை வந்தால் போகாத வகைதான், அதனால் நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். நேர் வெயிலில் ரெசின் மெதுவாக மஞ்சளிக்கும். பல ரெசின்கள் 50 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். மூடிய காருக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வரும். சந்தை திறந்தவெளியில் என்றால் ரெசினை நிழலில் வைக்க இடம் இருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கல்லைப் பொறுத்தவரை, எந்தக் கல் என்பதை விட உடம்பில் எங்கே உட்காரப்போகிறது என்பதுதான் முக்கியம். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. சாதாரணத் தூசியில் குவார்ட்ஸ் துகள் கலந்தே இருப்பதால், 7-க்குக் கீழே இருக்கும் எந்தக் கல்லும் காலப்போக்கில் மங்கும். ஓபல் 5.5 முதல் 6.5, டர்க்காய்ஸ் 5 முதல் 6, மாலகைட் 3.5 முதல் 4, முத்து 2.5 முதல் 4.5, ஆம்பர் 2 முதல் 2.5. விரலில் இருக்கும் கல் ஒரு நாளில் எத்தனை இடத்தில் இடிபடும் என்று உங்கள் கையையே ஒரு மணி நேரம் கவனித்துப் பாருங்கள். கழுத்தில் தொங்கும் பதக்கத்துக்கும் காதுக்கும் அந்த அடி கிடையாது. அதனால் மென்மையான கற்களைப் பதக்கத்திலும் கம்மலிலும் தாராளமாகப் பயன்படுத்துங்கள், மோதிரத்தில் வேண்டாம். உங்கள் கம்பி சுற்றிய பதக்கம் இந்தச் சோதனையில் நன்றாகவே தேறுகிறது. ஒரே எச்சரிக்கை, ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லுக்கு நீலச் சாயம் ஏற்றி டர்க்காய்ஸ் என்று விற்பது உலகம் முழுக்க நடக்கிறது. சந்தேகமான மணியைப் பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். நீலம் பஞ்சுக்கு வந்தால் சாயம். வராவிட்டால் அசல் என்று அர்த்தமாகாது, சில சாயங்கள் இதற்கெல்லாம் அசையாது. உறுதியாகத் தெரியாத கல்லுக்குப் பெயர் வைக்காமல் "நீல நிறக் கல்" என்று விற்பதே நேர்மை.

கண்ணிகள், கொக்கிகள், எலாஸ்டிக் நூல் மூன்றும் வழக்கமாக அறுந்து வரும் இடங்கள். ஜம்ப் ரிங் எனப்படும் சின்னக் கம்பி வளையத்தை இரண்டு பக்கமும் இழுத்துத் திறந்தால் வட்டம் கெட்டுவிடும், பக்கவாட்டில் முறுக்கித்தான் திறக்க வேண்டும். மூடிய பிறகு இடைவெளி வழியாக விளக்கு வெளிச்சம் தெரியக்கூடாது. எலாஸ்டிக் நூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு நாள் அறும். அதை விற்பதானால் இலவசமாகத் திரும்பக் கோத்துத் தருவேன் என்ற வாக்கையும் சேர்த்தே விற்க வேண்டும். எந்தப் புது மாதிரியையும் முதலில் நீங்களே ஒரு வாரம் போட்டுக்கொண்டு தூங்குங்கள், குளியுங்கள், துணி மாற்றுங்கள். இதைவிட நல்ல பரிசோதனைக்கூடம் எனக்குத் தெரியாது.

அடுத்த கழித்தல், அளவு. இதைப் புதிதாக வருபவர்கள் யோசிப்பதே இல்லை, ஆனால் சரக்கின் பாதித் தலைவிதியை இதுதான் தீர்மானிக்கிறது. பெண்களின் விரல் அளவுகளில் புழக்கத்தில் உள்ளவை அரை அளவுகளையும் சேர்த்தால் எட்டு ஒன்பது வரும். ஆறு மாதிரி மோதிரம் வைக்க நினைத்தால் எல்லா விரலுக்கும் பொருந்த ஏறத்தாழ ஐம்பது செய்ய வேண்டும். அப்படிச் செய்தும், வந்தவருக்குப் பிடித்த நிறம் அவர் விரலின் அளவில் இருக்காது. வெள்ளி மோதிரமாக இருந்தால் கொஞ்சம் பெரிதாக்கலாம், சின்னதாக்கலாம். முழுக்க ரெசினில் வார்த்ததை ஒன்றும் செய்ய முடியாது. போதாக்குறைக்கு, வெயில் நேரத்தில் விரல் வீங்கும், குளிரில் சுருங்கும். காலையில் சரியாக இருந்தது மாலையில் கழலாது. பிரேஸ்லெட்டில் பிரச்சினை குறைவு. 18 சென்டிமீட்டர் பலருக்குப் பொருந்தும், கொக்கிப் பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீட்டிப்புச் சங்கிலி வைத்துவிட்டால் இன்னும் பலருக்குச் சேரும். பதக்கச் சங்கிலிக்கு 45 சென்டிமீட்டரும் ஐந்து சென்டிமீட்டர் நீட்டிப்பும் போதும். கம்மலுக்கு அளவே கிடையாது. நாற்பது ஜோடி செய்தால் நாற்பதும் காது குத்திய எல்லோருக்கும் பொருந்தும். உலகம் முழுக்கக் கைவினைச் சந்தைகளில் கம்மல் மேசைகள் நிறைந்திருப்பதற்கு இதுதான் முதல் காரணம் என்பது என் ஊகம். எடையை மட்டும் சமையலறைத் தராசில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு காதுக்குப் பத்து கிராமைத் தாண்டினால் பலரால் அன்றைய பொழுது முழுக்கப் போட்டிருக்க முடிவதில்லை.

மூன்றாவது கழித்தல் நேரம். இங்கேதான் மனசுக்குப் பிடித்த நகைகள் அடிபடும், கொஞ்சம் கல்நெஞ்சோடு செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். கல் தேடியது, கை கழுவியது, அட்டையில் மாட்டியது, படம் எடுத்தது எல்லாம் சேர வேண்டும். ஆறு மில்லிமீட்டர் முத்தில் 45 சென்டிமீட்டர் மாலை கோத்தால் ஏறத்தாழ 65 முத்துகளுக்கு மேல் பிடிக்கும். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சும் முத்தை ஒட்டி இறுக வேண்டும். பழகிய கைக்கே மணிக்கணக்கு. இந்த வேலையை வேகப்படுத்தவும் வழி இல்லை. களிமண் கம்மல் நேர்மாறு. ஒரு ஜோடியைத் தனியாகச் செய்தால் நாற்பது நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது ஜோடிக்கு ஒரே தடவையில் தகடு உருட்டி, வெட்டி, ஒரே ஈட்டில் வேகவைத்து, ஒரே மூச்சில் கொக்கி மாட்டினால் மொத்தம் ஆறு மணி நேரத்தில் முடியலாம், ஒரு ஜோடிக்குப் பதினெட்டு நிமிடம். கூட்டிச் செய்ய முடிகிற வகையும் முடியாத வகையும் ஒரே மேசையில் ஒரே லாபம் தராது.

விலை போடும்போது மூலப்பொருள், நேரம், உடைந்து வீணானதில் ஒரு பங்கு, மேசை வாடகையில் ஒரு பங்கு, அட்டை பெட்டிச் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். உங்கள் நேரத்துக்குப் பூஜ்யம் போடாதீர்கள். பொழுதுபோக்குக்குத்தானே செய்கிறேன் என்று மலிவாகக் கொடுத்தால், பக்கத்து மேசையில் இதையே பிழைப்பாக வைத்திருப்பவரின் வயிற்றில் அடிக்கிறீர்கள். அடுத்த சந்தையில் விலையை ஏற்றுவதும் கஷ்டமாகிவிடும். கூட்டி வந்த விலை அந்தச் சந்தைக்குப் பொருந்தாத அளவுக்கு உயரமாக இருந்தால், விலையைக் குறைக்காமல் அந்த வகையையே விட்டுவிடுவது என் வழக்கம்.

மேசை வாடகைக் கணக்கு ஒன்று இருக்கிறது. வாடகையைப் போல் பத்து மடங்கு விற்றால் நல்ல நாள் என்று கைவினைக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. இது அனுபவ விதி மட்டுமே, இதற்குப் பின்னால் பெரிய ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க உதவும். உங்கள் நகை ஒன்றின் விலை வாடகையில் இருபதில் ஒரு பங்கு என்றால், பத்து மடங்குக்கு 200 நகை விற்க வேண்டும். எட்டு மணி நேரச் சந்தையில் இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. தனி ஆளாக நின்று காட்டி, கண்ணாடி பிடித்து, பொட்டலம் கட்டிக் காசு வாங்க அது சாத்தியமே இல்லை. மூன்று மடங்கு போதும் என்று வைத்தால் 60 நகை, எட்டு நிமிடத்துக்கு ஒன்று. கூட்டம் நல்லபடியாக இருந்தால் நடக்கலாம். விலை வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் மூன்று மடங்குக்குப் பதினைந்தே நகைதான். ஆகவே மிக மலிவான பொருட்களால் மட்டும் மேசையை நிரப்பினால், எல்லாம் விற்றுத் தீர்ந்தாலும் கையில் ஒன்றும் நிற்காது. சந்தைக்கு விண்ணப்பிக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னது அளந்து பார்க்கக் கூடியது. இனி வருவதில் சந்தேகம் கலந்திருக்கிறது. நிறைய வகை வைத்தால் வாங்குபவர் குழம்பிப் போவார் என்று அடிக்கடி கேள்விப்படுவீர்கள். 2000-ல் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட, கடையில் ஜாம் வகைகளை வைத்துப் பார்த்த ஆய்வுதான் இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும். 24 வகை வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 சதவீதம். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் 2010-ல் இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் வந்து நின்றது. சில சூழலில் நடக்கிறது, சில சூழலில் நடப்பதில்லை. எனவே வகை குறைத்தால் விற்பனை பத்து மடங்காகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனாலும் வகையைக் குறைக்கத்தான் நான் சொல்வேன், வேறொரு காரணத்துக்காக. ஐந்து வகைக்கும் தனித்தனி மூலப்பொருள், தனி கருவி, தனி காட்சிப் பலகை வேண்டும். உங்கள் காசு ஐந்து டப்பாக்களில் முடங்கும். அதோடு, நடந்துபோகிறவர் உங்கள் மேசையைப் பார்ப்பது சில நொடிகள்தான். அதற்குள் இது ஒரே கை செய்த வேலை என்று தெரிந்தால் நிற்கிறார். ஐந்து பேர் சரக்கைக் குவித்தது போலத் தெரிந்தால், எங்கோ மொத்தமாக வாங்கி வந்தது என்று நினைத்துவிடுகிறார். ஒரே கை என்று காட்ட ஒரே பொருள்தான் வேண்டும் என்பதில்லை. ஒரே நிறக் குடும்பம் இருந்தாலும் போதும், ஒரே மாதிரி உலோகம் ஓடினாலும் போதும். களிமண் கம்மலையும் கல் பதக்கத்தையும் ஒரே நிறத் தொகுப்பில் செய்தால் அவை அக்கா தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்.

விலையை மூன்று தட்டாக வைப்பது எனக்குக் கைகொடுத்திருக்கிறது. யோசிக்காமல் எடுக்கும் விலையில் கொஞ்சம், நடு விலையில் நிறைய, உயர்ந்த விலையில் ஒன்றோ இரண்டோ. அந்த உயர்ந்த ஒன்று தூரத்திலிருந்து ஆளை இழுக்கும். அது பக்கத்தில் இருப்பதால் நடு விலை நியாயமாகத் தோன்றுகிறது என்றும் சொல்வார்கள். இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவதை என்னால் நிரூபிக்க முடியாது. தனக்கென்று வாங்குபவர் கண்ணாடியில் பார்த்து, திருப்பிப் பார்த்து, நேரம் எடுத்துக்கொள்வார். பரிசுக்கு வாங்குபவர் அளவு தேவைப்படாததையும் பெட்டியில் தயாராக இருப்பதையும் எடுப்பார். பண்டிகைக்கு முந்தைய சந்தையில் இரண்டாம் வகையினர் கூடுவார்கள், எனவே அப்போது பெட்டிகளைக் கூடுதலாக வையுங்கள். கம்மல் விற்பதானால் கண்ணாடி கட்டாயம், அதுவும் முகம் முழுக்கத் தெரியும் அளவில், நிற்கும் உயரத்தில்.

சந்தையின் விதிகளைப் படிக்காமல் சரக்கு செய்ய ஆரம்பிக்காதீர்கள். தயார்ப் பதக்கத்தைத் தயார்ச் சங்கிலியில் மாட்டியதைக் கைவினை என்று ஏற்காத சந்தைகள் உண்டு. கார்ட்டூன் கதாபாத்திரம், பிராண்ட் சின்னம் இவற்றை உரிமையில்லாமல் தொட வேண்டாம். குழந்தைகளுக்கான நகையை முதல் சந்தையில் தவிர்த்துவிடுங்கள். மலிவான வார்ப்பு உலோகத்தில் ஈயமும் காட்மியமும் வரலாம், குழந்தை வாயில் வைக்கும். அமெரிக்காவில் பன்னிரண்டும் அதற்குக் கீழும் வயதுள்ள குழந்தைகளுக்கான பொருட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது, அதற்குச் சோதனைச் சான்றும் வேண்டும். அந்தச் செலவு முதல் மேசைக்குத் தாங்காது.

இதையெல்லாம் கழித்தால் உங்கள் ஐந்தில் என்ன மிஞ்சுகிறது? களிமண் கம்மல்தான் மேசையின் முதுகெலும்பு. அளவுத் தொல்லை இல்லை, கூட்டிச் செய்யலாம், எடை குறைவு. ஐம்பது ஜோடியாவது இருக்கட்டும், ஆனால் ஐம்பதும் வெவ்வேறாக வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வடிவம், ஒவ்வொன்றிலும் நான்கைந்து நிறம். கல் பதக்கம் நடு விலைக்கும் மேல் விலைக்கும் சரியாக உட்காரும். ஒரு பதினைந்து போதும். பாசிமணி பிரேஸ்லெட்டில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. செய்ய நேரம் பிடிக்கும், ஆனால் பார்ப்பவருக்கு அந்த நேரம் தெரிவதில்லை. ஆலையில் செய்த பாசிமணி பிரேஸ்லெட் எங்கும் மலிவாகக் கிடைப்பதால் நீங்கள் சொல்லும் விலை அதிகமாகவே தோன்றும். நெய்த பட்டையாக, வேலைப்பாடு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய்ய முடிந்தால் நாலைந்து எடுத்துப்போங்கள். வெறுமனே கோத்ததை விட்டுவிடுங்கள். ரெசின் மோதிரத்தை இந்தத் தடவை கொண்டுபோக வேண்டாம். அந்த ரெசின் வேலை பிடித்திருந்தால் அதையே சின்னப் பதக்கமாகவோ காதில் ஒட்டி நிற்கும் தோடாகவோ வார்த்துப் பாருங்கள், அளவுப் பிரச்சினை அப்படியே காணாமல் போகும்.

சந்தை நாளில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எது விற்றது என்று எல்லோரும் எழுதுவார்கள். எதை எத்தனை பேர் கையில் எடுத்துத் திரும்ப வைத்தார்கள் என்பதையும் கோடு போட்டு எழுதுங்கள். யாருமே தொடாத நகைக்குப் பெரும்பாலும் வைத்த இடம் காரணம், நடுவில் கண்மட்டத்துக்கு மாற்றிவிட்டு இன்னொரு மணி நேரம் பாருங்கள். பலர் தொட்டும் வாங்காததற்கு விலையோ எடையோ கொக்கியோ காரணமாக இருக்கும், அது அவர்கள் முகத்திலேயே தெரியும், கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஒரு நாள் எண்ணிக்கையை வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள். ஒரு வடிவம் ஒன்பதும் இன்னொன்று ஐந்தும் விற்றால், அந்த வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம். ஒன்பதுக்கு ஒன்று என்றால் கவனிக்கலாம். மூன்று நான்கு சந்தைகள் ஒரே திசையைக் காட்டிய பிறகு ஒரு வடிவத்தை நிறுத்துங்கள்.

முத்து மாலையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதுதான் உங்களுக்கு மிகவும் பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று எடுத்துப்போங்கள், இருப்பதிலேயே நல்லதாக. விற்பதற்கென்று வைக்காமல், கழுத்து வடிவ நிறுத்தியில் மாட்டி மேசையின் பின்வரிசையில் உயரமாக வையுங்கள். பக்கத்தில் ஒரு அட்டையில் "ஆர்டர் எடுக்கிறோம், விரும்பிய நீளத்தில், மூன்று வாரத்தில்" என்று எழுதி, முழு நேரக் கணக்கோடு வந்த விலையையும் போட்டுவிடுங்கள். யாராவது கேட்டால் பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு, கழுத்தில் நூல் வைத்து நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசனைத் திரவியமும் வியர்வையும் முத்தின் பளபளப்பைக் கெடுக்கும், அலங்காரம் எல்லாம் முடித்துக் கடைசியில் போட்டு முதலில் கழற்ற வேண்டும், ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை பட்டு நூல் மாற்ற வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நூல் மாற்றக் கொண்டு வந்தால் என்ன கூலி என்பதையும் அந்த அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருங்கள்.